நாயின் பாதம்: பராமரிப்பின் வரலாறு

நாயின் பாதப் பராமரிப்பு என்பது நாயின் பாத மெத்தைகள், விரலிடுக்குகள், நகங்கள் ஆகியவற்றைக் காயம், வெடிப்பு, உறைபனி, வெப்பம், தொற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். இன்று இது வீட்டு விலங்கு வளர்ப்பின் ஒரு சிறு பகுதியாகத் தோன்றினாலும், இதன் வரலாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. பண்டைய கிரேக்க வேட்டைக்காரர்கள், உரோமானிய மேய்ப்பர்கள், ஆர்க்டிக் பனிவெளி மக்கள், அலாஸ்காவின் வண்டியோட்டிகள் எனப் பலரும் நாயின் பாதத்தைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் ஒன்று பொதுவானது: அவர்களுடைய உணவோ, உடைமையோ, உயிரோ அந்தப் பாதத்தை நம்பியிருந்தது. நாய் எந்த அளவுக்குத் தேவைப்பட்டதோ அந்த அளவுக்கே அதன் பாதம் கவனிக்கப்பட்டது. தேவை மறைந்தபோது கவனமும் மறைந்தது. நாயின் ஓட்டம் அச்சுறுத்தலாகத் தோன்றிய இடத்தில் பாதமே வெட்டப்பட்டது. நாயின் நலனுக்காகவே பாதத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் விதியாக எழுதப்பட்டது மிக அண்மையில்தான்.

பாதத்தின் அமைப்பு

நாய் விரல்களால் நடக்கும் விலங்கு. மனிதரைப் போலக் குதிகாலை ஊன்றி நடப்பதில்லை. ஒவ்வொரு பாதத்திலும் நான்கு விரல் மெத்தைகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு பெரிய நடு மெத்தையும் உண்டு. முன்னங்காலில் மணிக்கட்டுக்குப் பின்புறம் தனியாக ஒரு சிறு மெத்தை இருக்கிறது. வேகமாகத் திரும்பும்போதும் சறுக்கும்போதும் அது தரையைத் தொட்டு உதவும். தரையில் படாத மேல்நகம் ஒன்று பெரும்பாலான நாய்களின் முன்னங்கால்களில் காணப்படும்.

மெத்தையின் மேல்தோல் உடலிலேயே மிகத் தடிப்பானது. அதன் அடியில் கொழுப்பும் மீள்தன்மையுள்ள இழைகளும் கலந்த ஓர் அடுக்கு உள்ளது. இவ்வடுக்கே அதிர்ச்சியைத் தாங்குகிறது. வியர்வைச் சுரப்பிகளும் பாத மெத்தைகளில் உள்ளன. பதற்றமடைந்த நாய் நடந்த தரையில் ஈரத்தடம் தெரிவது இதனால்தான்.

இந்தப் பாதம் பனியில் ஏன் எளிதில் உறைந்துவிடுவதில்லை என்ற கேள்விக்கு விடை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கத் தொடங்கியது. ஆர்க்டிக் நரியும் ஓநாயும் தம் பாதத்தின் வெப்பநிலையை உறையும் எல்லைக்குச் சற்று மேலேயே நிறுத்திவைத்துக்கொள்கின்றன என்பதை 1972இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாயின் பாதத்தில் தமனிகளும் சிரைகளும் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதை யப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி நினோமியாவின் குழு 2011இல் மின்னணு நுண்ணோக்கி மூலம் விவரித்தது. உடலிலிருந்து பாதத்துக்கு வரும் சூடான இரத்தம், பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தத்தை வழியிலேயே சூடாக்கிவிடுகிறது. இதனால் குளிர்ந்த இரத்தம் உடலின் உட்பகுதிக்குச் செல்வது தடுக்கப்படுகிறது.

ஆனால் இந்த அமைப்புக்கும் எல்லை உண்டு. கூரிய பனிப்படிகம், உப்பு, கண்ணாடித் துண்டு, கொதிக்கும் தார்ச்சாலை ஆகியவற்றுக்கு இரத்த ஓட்டம் மட்டும் ஈடுகொடுக்க முடியாது. பராமரிப்பின் வரலாறு இந்த எல்லையில்தான் தொடங்குகிறது.

கிரேக்க, உரோமானிய நூல்களில்

நாயின் பாதம் பற்றிய தெளிவான பழைய எழுத்துக் குறிப்புகளில் சில செனபோன் பெயரில் வழங்கும் 'கைனெஜெட்டிகோஸ்' என்ற வேட்டைக் கையேட்டில் உள்ளன. செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏதென்சு நகர எழுத்தாளர், படைத்தலைவர். வேட்டை நாய்களில் தவிர்க்க வேண்டிய குறைகளைப் பட்டியலிடும்போது, பாதம் சரியில்லாத நாய் எவ்வளவு துணிவுடையதாக இருந்தாலும் வலியால் ஓட்டத்தைக் கைவிட்டுவிடும் என்கிறது அந்நூல். கரடுமுரடான நிலத்தில் நாய்களைப் பழக்குவது அவற்றின் பாதங்களை உறுதியாக்கும் என்றும் அது பரிந்துரைக்கிறது. பனி பெய்துள்ள நாளில் முயல் வேட்டைக்கு நாய்களைக் கொண்டுசெல்ல வேண்டாம், பனி அவற்றின் மூக்கையும் பாதத்தையும் சுட்டுவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. குளிரால் வரும் புண்ணைச் 'சூடு' என்று சொன்னது உவமை மட்டுமன்று. உறைபனியால் சிதைந்த தோலும் தீயால் வெந்த தோலும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

உரோமானிய அறிஞர் வர்ரோ கி.மு. 37 அளவில் எழுதிய வேளாண் நூலில் மந்தைக் காவல் நாய்களைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. நாயின் காதுகளிலும் விரலிடுக்குகளிலும் வாதுமைப் பருப்பை நீர் விட்டு அரைத்துப் பூச வேண்டும் என்கிறார் அவர். பூசாவிட்டால் ஈயும் உண்ணியும் தெள்ளும் அந்த இடங்களைப் புண்ணாக்கிவிடும் என்று காரணமும் சொல்கிறார். இன்றைய கால்நடை மருத்துவரும் உண்ணி தேடும்போது முதலில் காதையும் விரலிடுக்கையும்தான் பார்ப்பார். ரோமம் குறைந்து தோல் மென்மையாக இருக்கும் அந்த இடங்களே உண்ணிக்கு ஏற்றவை என்பதை மேய்ப்பர்களின் அனுபவம் அப்போதே கண்டறிந்திருந்தது.

இரு நூல்களும் வெவ்வேறு நாய்களைப் பற்றிப் பேசுகின்றன. கிரேக்கருக்குத் தேவை ஓட்டம். அதனால் பாதத்தின் உறுதியைப் பேசினர். உரோமானிய மேய்ப்பருக்குத் தேவை இரவெல்லாம் விழித்திருக்கும் காவல். அதனால் பாதத்தின் புண்ணைப் பேசினர்.

இடைக்கால ஐரோப்பா: மருத்துவமும் வெட்டும்

இடைக்கால ஐரோப்பாவில் வேட்டை உயர்குடியினரின் பெரும் பொழுதுபோக்காக இருந்தது. பிரான்சின் தென்பகுதியில் ஃபுவா என்னும் சிற்றரசை ஆண்ட காஸ்டன் ஃபெபுஸ் 1387இல் தொடங்கி எழுதிய 'வேட்டை நூல்' இக்காலத்தின் முதன்மையான சான்று. பாரிசிலுள்ள பிரான்சு தேசிய நூலகத்தில் இருக்கும் அதன் ஓவியப் படி ஒன்றில், நாய்க் கொட்டில் பணியாளர்கள் நோயுற்ற நாய்களைக் கவனிக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஒருவர் நாயின் வாயைத் திறந்து பார்க்கிறார். இன்னொருவர் நாயின் பாதத்தைக் கழுவுகிறார். ஒரு சிற்றரசரின் ஆடம்பர நூலில் நாயின் பாதத்துக்கும் இடம் கிடைத்திருப்பது, வேட்டை நாய் அன்று எவ்வளவு மதிப்புள்ள உடைமையாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

அதே காலத்து இங்கிலாந்தில் ஏழைகளின் நாய்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அரசரின் வேட்டைக் காடுகளாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்த மக்கள் காவலுக்காகப் பெரிய நாய்களை வளர்த்தனர். அந்நாய்கள் மான்களைத் துரத்தக் கூடாது என்பதற்காக அவற்றின் முன்னங்கால் விரல்களை வெட்ட வேண்டும் எனக் காட்டுச் சட்டம் கட்டளையிட்டது. இரண்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1184இல் பிறப்பிக்கப்பட்ட உட்சுடாக் காட்டுச் சட்டத்தில் இக்கட்டளை உள்ளது.

1217ஆம் ஆண்டின் 'காட்டுச் சாசனம்' இவ்வழக்கத்தை ஒழிக்கவில்லை. அதற்கு வரம்பு மட்டும் விதித்தது. நாய்களைச் சோதிக்கும் அதிகாரிகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரலாம். முன்னங்காலின் மூன்று விரல்களை மட்டுமே வெட்ட வேண்டும்; நடு மெத்தையைத் தொடக் கூடாது. வெட்டப்படாத நாயை வைத்திருப்பவர் மூன்று சில்லிங் தண்டம் கட்ட வேண்டும். தண்டமாக அவருடைய எருதைப் பிடித்துச் செல்லக் கூடாது. எருதைப் பற்றிய இந்த விலக்கு, அதற்கு முன் அதிகாரிகள் என்ன செய்துவந்தார்கள் என்பதை மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. நாயின் பாதம் என்ற பெயரில் உழவரின் வாழ்வாதாரமே பறிக்கப்பட்டிருக்கிறது.

வெட்டும் முறையை 1598இல் வெளியான ஜான் மேன்வுட்டின் காட்டுச் சட்ட நூல் விவரிக்கிறது. எட்டு அங்குலத் தடிப்புள்ள மரக்கட்டையின் மேல் நாயின் முன்னங்காலை வைத்து, இரண்டு அங்குல அகலமுள்ள உளியை விரல்களின் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடியில் துண்டித்தனர். சிறு நாய்களுக்கு விலக்கு இருந்தது. நாய் சிறியதா பெரியதா என்பதை அளக்க இரும்பு வளையம் போன்ற அளவுகோல் பயன்பட்டதாக மரபுவழிச் செய்தி உண்டு. அத்தகைய அளவுகோலாகக் கருதப்படும் அங்கவடி ஒன்று நியூ ஃபாரஸ்ட் பகுதியின் லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது.

நாய் நடக்கலாம், குரைக்கலாம், வீட்டைக் காக்கலாம். ஆனால் ஓடக் கூடாது. மெத்தையை விட்டுவிட்டு விரல்களை மட்டும் வெட்டச் சொன்ன சட்டத்தை எழுதியவர்களுக்கு நாயின் பாதம் எப்படி இயங்குகிறது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. ஃபெபுஸின் கொட்டிலில் பாதத்தைக் கழுவப் பயன்பட்ட அறிவும் காட்டுச் சட்டத்தில் அதை வெட்டப் பயன்பட்ட அறிவும் ஒன்றுதான்.

ஆர்க்டிக் மக்களின் தோலுறைகள்

ஐரோப்பாவில் பாதப் பராமரிப்பு வேட்டையைச் சார்ந்து வளர்ந்தது என்றால், வடதுருவப் பகுதியில் அது போக்குவரத்தைச் சார்ந்து வளர்ந்தது. சைபீரியாவின் வடக்கே உள்ள ஷோகோவ் தீவில் கிடைத்த தொல்லியல் சான்றுகள், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு நாய்கள் பனிவண்டி இழுத்தன என்பதைக் காட்டுகின்றன. அத்தீவில் கிடைத்த ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையான நாயின் மரபணு 2020இல் ஆராயப்பட்டபோது, இன்றைய பனிவண்டி நாய்களுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருப்பது தெரியவந்தது.

இம்மக்கள் பாதப் பராமரிப்பைப் பற்றி நூல் எழுதவில்லை. அவர்களுடைய அறிவு பொருள்களில் தங்கியிருக்கிறது. கனடா, கிரீன்லாந்துப் பகுதி இனுவிட் மக்கள் சீல் தோலால் நாய்களுக்குச் சிறு காலுறைகள் செய்தனர். நாயின் பாதத்தை உள்ளே வைத்து, மேற்பகுதியைத் தோல் நாடாவால் சுருக்கிக் கட்டுவார்கள். நகங்கள் வெளியே வருவதற்காக அதில் துளைகள் விடப்பட்டன. நகம் மூடப்பட்டால் பனிக்கட்டியில் பிடிப்புக் கிடைக்காது. நாய் வழுக்கி விழும். பாதம் காக்கப்பட வேண்டும், நகமும் வேலை செய்ய வேண்டும் என்ற இரு தேவைகளையும் அந்தச் சிறு துளைகள் நிறைவேற்றின.

இந்த உறைகள் ஆண்டு முழுவதும் அணிவிக்கப்பட்டவை அல்ல. கடும் குளிர்காலத்தில் பனிவெளி பெரும்பாலும் நாய்க்கு ஏற்றதாகவே இருக்கும். இளவேனிலில்தான் தொல்லை மிகும். பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து ஊசி முனைகளாக நிற்கும். கடற்பனியின் உப்பு, கீறலில் பட்டு எரிச்சலைக் கூட்டும். அப்போதுதான் தோலுறை வெளியே எடுக்கப்படும். தோலுறைக்கு ஒரு குறையும் இருந்தது: பசித்த நாய் அதைத் தின்றுவிடும். அதனால் பயணம் முடிந்ததும் உறைகளைக் கழற்றி எடுத்துவைப்பது வண்டியோட்டியின் கடமைகளில் ஒன்று.

தங்க வேட்டை: தெற்கத்திய நாய்களின் துயரம்

1896 ஆகசுட்டில் கனடாவின் யூக்கான் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அங்கு செல்லப் புறப்பட்டனர். இழுவை நாய்களின் விலை பல மடங்கு ஏறியது. வடதிசை நாய்கள் போதாமல் போகவே, அமெரிக்காவின் தெற்கு நகரங்களிலிருந்து செயின்ட் பெர்னார்டு, நியூஃபவுண்ட்லாந்து போன்ற பெரிய உடல் கொண்ட நாய்களும் கலப்பின நாய்களும் கப்பலேற்றப்பட்டன.

உடல் வலிமை இருந்தது, பாதம் பழகியிருக்கவில்லை. வடதிசை நாயின் பாதம் இறுக்கமாகவும், விரல்களுக்கிடையே அடர்ந்த ரோமத்துடனும் இருக்கும். தெற்கத்திய நாய்களின் பாதங்கள் வீட்டுத் தரையிலும் புல்வெளியிலும் மென்மையாகியிருந்தன. இந்த வேறுபாட்டை உலகறியச் செய்தது ஜாக் லண்டன் 1903இல் வெளியிட்ட 'கானகத்தின் குரல்' என்ற நாவல். கலிபோர்னியாவிலிருந்து திருடப்பட்டு வடக்கே வரும் பக் என்ற நாயின் பாதங்கள் புண்ணாகின்றன. வண்டியோட்டி பிரான்சுவா தினமும் இரவில் அவற்றைத் தேய்த்துவிடுகிறான். தன் தோல் காலணியின் மேற்பகுதியை வெட்டி நாய்க்கு நான்கு உறைகள் செய்துகொடுக்கிறான். ஒருநாள் உறை அணிவிக்க அவன் மறந்துவிட, நாய் நான்கு கால்களையும் மேலே தூக்கி மல்லாந்து கிடந்து நகர மறுக்கிறது. கதை கற்பனையானாலும் லண்டன் 1897–98இல் யூக்கானில் வாழ்ந்தவர். அங்கு கண்ட வழக்கத்தையே எழுதினார்.

தங்க வேட்டை ஓய்ந்த பின், அலாஸ்காவின் நோம் நகரில் 1908 முதல் 1917 வரை பனிவண்டிப் பந்தயம் ஆண்டுதோறும் நடந்தது. நோமிலிருந்து கேண்டில் ஊர் வரை சென்று திரும்பும் தொலைவு 408 மைல், அதாவது ஏறத்தாழ 657 கிலோமீட்டர். தோலுக்குப் பதில் துணியால் தைத்த உறைகள் இக்காலத்தில் பரவலாயின. துணி உறை இலேசானது, மலிவானது, கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இப்பந்தயங்களின் வழியே சைபீரிய நாய்கள் அலாஸ்காவில் புகழ்பெற்றன. அமெரிக்க நாய் வளர்ப்புக் கழகம் 1930இல் சைபீரியன் ஹஸ்கியையும் 1935இல் அலாஸ்கன் மாலமூட்டையும் தனி இனங்களாக ஏற்றது. இன்று இவ்விரு இனங்களுக்கும் உரிய இலக்கணத்தில் பாதத்தின் வடிவம், மெத்தையின் தடிப்பு, விரலிடை ரோமம் ஆகியவை தனியே விவரிக்கப்பட்டுள்ளன.

அண்டார்க்டிக்காவும் நோமும்

தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வேக்காரர் ருவால் அமுன்ட்சென் நாய்களை நம்பிப் பயணம் செய்தவர். 1911 செப்டம்பர் 8ஆம் நாள், தென்துருவத்தின் இளவேனில் சரியாகத் தொடங்கும் முன்பே அவர் அவசரப்பட்டுப் புறப்பட்டார். வெப்பநிலை −56 பாகை செல்சியசு வரை இறங்கியது. நாய்கள் கடுமையாகத் துன்புற்றன. பலவற்றின் பாதங்கள் உறைபனியால் புண்பட்டன. குழு திரும்பிவர வேண்டியதாயிற்று. அக்டோபர் 19ஆம் நாள் 52 நாய்களுடன் மீண்டும் புறப்பட்டு, திசம்பர் 14ஆம் நாள் துருவத்தை அடைந்தார்.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 52 நாய்களில் 11 மட்டுமே முகாமுக்குத் திரும்பின. பெரும்பாலானவை வழியிலேயே திட்டமிட்டுக் கொல்லப்பட்டு, மனிதருக்கும் பிற நாய்களுக்கும் உணவாயின. நாயின் பாதத்தைக் காத்த அக்கறையும் நாயைக் கொன்ற கணக்கும் ஒரே திட்டத்தில் இருந்தன. பயணம் நடக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான நோக்கம்.

1925 சனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தைக் கொண்டுவர வேறு வழியில்லாததால் நெனானா என்ற ரயில் நிலையத்திலிருந்து நோம் வரை 674 மைல், அதாவது 1,085 கிலோமீட்டர், நாய்வண்டித் தொடர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஏறத்தாழ 20 வண்டியோட்டிகளும் 150 நாய்களும் பங்கேற்றனர். அஞ்சல் வண்டிக்கு வழக்கமாக 25 நாள் பிடிக்கும் அப்பாதையில் மருந்து ஐந்தரை நாளில் போய்ச் சேர்ந்தது. இச்சாதனை பால்ட்டோ, டோகோ என்ற இரு தலைமை நாய்களின் பெயரால் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதன் அடிப்படை, தொடர் ஓட்டம் என்ற ஏற்பாடுதான். பெரும்பாலான வண்டிகள் சில பத்து மைல்கள் மட்டுமே மருந்தைச் சுமந்தன. களைத்த கால்களை நிறுத்தி, புதிய கால்களிடம் சுமையை ஒப்படைத்தது இவ்வேகத்தை இயலச் செய்தது.

பழக்கத்திலிருந்து விதிக்கு: இடிட்டரோட்

1960களில் பனியுந்து என்னும் இயந்திர வண்டி பரவியதும் அலாஸ்காவின் ஊர்களில் நாய்வண்டிகள் வேகமாக மறைந்தன. இம்மரபு அழியாமல் காக்க ஜோ ரெடிங்டன் உள்ளிட்டோர் முயன்றதன் விளைவாக, ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,000 மைல் நீளமுள்ள இடிட்டரோட் பந்தயம் 1973இல் தொடங்கியது. 1984இல் யூக்கான் குவெஸ்ட் என்ற மற்றொரு 1,000 மைல் பந்தயம் தொடங்கியது.

பாதப் பராமரிப்பின் வரலாற்றில் இடிட்டரோட்டின் இடம் தனித்தது. அதுவரை வண்டியோட்டியின் விருப்பமாக இருந்தது அங்கு கட்டாய விதியாயிற்று. ஒவ்வொரு நாய்க்கும் எட்டுப் பாதவுறைகள், நாயின் காலிலோ வண்டியிலோ, இருந்தே தீர வேண்டும். 2019 முதல் சில ஆண்டுகள் ஒரு வண்டிக்கு அதிக அளவாக 14 நாய்கள் அனுமதிக்கப்பட்டன. அப்படியானால் 56 பாதங்கள், குறைந்தது 112 உறைகள். கிழிந்தவற்றை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருப்பதால், ஒரு பந்தயத்துக்கு ஓர் அணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறைகளைச் செலவிடுவது வழக்கம். வழியிலுள்ள சோதனை நிலையங்களுக்கு அவை முன்கூட்டியே அனுப்பிவைக்கப்படுகின்றன. அந்நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் நாய்களைச் சோதிக்கிறார்கள். தொடர முடியாத நாய் அங்கேயே விடப்பட்டு விமானத்தில் திருப்பி அனுப்பப்படுகிறது.

இன்றைய பாதவுறை எளிமையானது. கோர்டுரா என்னும் வலுவான நைலான் துணியை ஒரு சிறு பை போலத் தைத்து, மணிக்கட்டுப் பகுதியில் ஒட்டுப்பட்டை வைத்திருப்பார்கள். ஒட்டுப்பட்டையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் வீங்கும். தளர்த்திக் கட்டினால் உறை கழன்று, பனி உள்ளே புகுந்து இறுகும். ஓய்வின்போது உறைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு விரலிடுக்கையும் பார்த்து, களிம்பு பூசி, புறப்படும் முன் மீண்டும் அணிவிக்க வேண்டும். கடுங்குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரல்களால் ஒவ்வொரு பாதத்துக்கும் இதைச் செய்வது பந்தயத்தின் மிகச் சலிப்பான வேலை. தவிர்க்க முடியாத வேலையும் அதுவே.

உறை அணிவதற்கான காரணம் குளிர் மட்டுமன்று. மிகக் குளிர்ந்த உலர்பனி மணலைப் போல மெத்தையைத் தேய்க்கும். ஈரப்பனி விரலிடை ரோமத்தில் உருண்டைகளாகத் திரண்டு, நடக்கும்போது தோலைக் கிழிக்கும். இவ்வுண்மைகளை இனுவிட் மக்கள் முன்பே அறிந்திருந்தனர். பந்தய விதி அவ்வறிவைப் பொதுவாக்கியது.

விதியால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பந்தயங்களில் நாய்கள் இறந்திருக்கின்றன. விலங்குநல அமைப்புகள் இப்பந்தயங்களையே நிறுத்தக் கோரி வருகின்றன. பாதவுறை பாதத்தைக் காக்கும். 1,000 மைல் ஓட வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. எனினும், நாயின் காலில் புண் இருந்தால் மனிதரின் போட்டி அங்கே நிற்க வேண்டும் என்பது எழுத்து வடிவில் ஒப்புக்கொள்ளப்பட்டது ஒரு மாற்றம்தான்.

நகரத்தின் தரை

20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வேலை நாய்கள் பல நகரத்துக்கு வந்துவிட்டன. செருமனியின் டுசல்டார்ஃப் நகரக் காவல்துறை 2008இல் தன் நாய்களுக்குக் காலணிகள் வழங்கியது. பழைய நகரின் கல் பாவிய தெருக்களில் சிதறிக் கிடந்த பீர்க் குப்பிகளின் கண்ணாடித் துண்டுகள் நாய்களின் பாதங்களைக் கிழித்துவந்தன. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரக் காவல்துறை 2018ஆம் ஆண்டு வெப்ப அலையின்போது தன் நாய்களுக்குக் காலணி அணிவித்து, பொதுமக்களும் தம் நாய்களின் பாதங்களைக் கவனிக்குமாறு அறிவுறுத்தியது. பனிக்காகப் பிறந்த உறை இப்போது வெயிலுக்குப் பயன்பட்டது.

ஆனால் காலணி எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இடிந்த நியூயார்க் கட்டடங்களின் இடிபாடுகளில் தேடிய மீட்பு நாய்களில் பல, காலணி இல்லாமலே பணியாற்றின. நிலையற்ற கற்குவியலில் ஏறும் நாய், விரல்களை விரித்தும் நகங்களை ஊன்றியும் பாதத்தால் உணர்ந்தும் தன் எடையைச் சமன்செய்கிறது. காலணி அந்த உணர்வை மறைத்துவிடும். கீறல்களும் வெட்டுகளும் ஏற்பட்டன. அவற்றுக்கு மருத்துவம் செய்யப்பட்டது. வழுக்கி விழுவதைவிடக் கீறல் மேல் என்பதே பயிற்றுநர்களின் முடிவு. நகத்துக்குத் துளை விட்ட இனுவிட் கைவினைஞரும் இதே கணக்கைத்தான் போட்டிருந்தார்.

வரலாறு விட்டுச்சென்ற நடைமுறைகள்

இன்று வீட்டில் நாய் வளர்ப்போருக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் மேலே கண்ட அனுபவங்களிலிருந்து வந்தவையே.

நடைப்பயிற்சிக்குப் பின் பாதத்தைக் கையில் எடுத்து மெத்தைகளையும் விரலிடுக்குகளையும் பார்ப்பது முதல் நடைமுறை. முள், கண்ணாடி, உண்ணி, வெடிப்பு, சிவப்பு, துர்நாற்றம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுவிடலாம். நாய் ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினால் அங்கே வலியோ அரிப்போ இருக்கக்கூடும்.

பனி பெய்யும் நாடுகளில் சாலைகளில் தூவப்படும் உப்பு பாதத்தை எரிக்கும்; நாய் அதை நக்கினால் வயிற்றுக்கும் தீங்கு. எனவே வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். இது மழைக்காலத்துக்கும் பொருந்தும்.

வெயில் நாடுகளில் காற்றின் வெப்பத்தைவிடத் தார்ச்சாலையின் வெப்பம் மிக அதிகம். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், நாயை அதில் நடத்தக் கூடாது என்பது எளிய சோதனை. காலை இளவெயிலிலோ பொழுது சாய்ந்து தரை ஆறிய பின்போ நடப்பதே காலணியைவிட நல்ல தீர்வு.

நகம் நீண்டால் நாய் பாதத்தைச் சரியாக ஊன்ற முடியாமல் மூட்டுகளுக்குச் சுமை கூடும். தரையில் படாத மேல்நகம் தேயாது என்பதால் அது வளைந்து தோலுக்குள் இறங்கிவிடலாம். அதைத் தனியே கவனிக்க வேண்டும். நகத்தின் உட்பகுதியில் இரத்தநாளம் இருப்பதால் சிறிது சிறிதாகவே வெட்ட வேண்டும். ஆழமான காயம், நிற்காத இரத்தம், வீக்கம், தொடர்ந்து நொண்டுதல் ஆகியவற்றுக்குக் கால்நடை மருத்துவரை அணுகுவதே முறை.

முடிவுரை

செனபோனின் வேட்டைக்காரருக்கும் இடிட்டரோட் வண்டியோட்டிக்கும் நாயின் பாதத்தைக் கவனிக்க வலுவான காரணம் இருந்தது: பாதம் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். வீட்டு நாய் நொண்டினால் அதை வளர்ப்பவரின் அன்றாட வேலை எதுவும் நிற்பதில்லை. நாயால் தன் பாதத்தைப் பற்றிச் சொல்லவும் முடியாது. பல நாய்கள் வலியை மறைத்துக்கொண்டே நடக்கும். ஆகவே பழைய வண்டியோட்டி தேவையால் செய்ததை இன்றைய வளர்ப்பாளர் பொறுப்பால் செய்ய வேண்டியிருக்கிறது. வண்டியோட்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் 56 பாதங்களைப் பார்த்தார்; வீட்டில் பார்க்க வேண்டியவை நான்குதான்.